பலெர்மோ கப்புச்சின் நிலவறை: பார்த்தவர்கள் எழுதுங்கள்

கடலோடி

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவில், கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்துக்கு அடியில், செத்தவர்களின் உடல்களைக் கெடாமல் காத்து வைத்திருக்கும் இடம் இது. கழுத்தில் கயிறு தொங்க, பெயர்ச்சீட்டோடு சுவர் நெடுக நிற்கும் துறவிகளின் உடல்களைப் படத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதை விடுங்கள். யாரும் பேசாதது அந்த வடிகால் அறை. இத்தாலியனில் கொலத்தோயோ. நடைக்கூடத்தின் ஓரத்தில் சின்ன வாசல். பாதிப் பேர் கிடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு பள்ளம். அதன் குறுக்கே சுட்ட மண் குழாய்கள், ஓட்டு வீட்டு ரீப்பர்க் கட்டைகள் மாதிரி இடைவெளி விட்டு வரிசையாக. உடலை அதன் மேல் மல்லாக்கக் கிடத்தி அறையை அடைத்துவிடுவார்கள். எட்டு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை. நீரெல்லாம் இடுக்கு வழியாக வடிந்து கீழே போய்விடும். மரப்பலகை என்றால் ஊறி மக்கியிருக்கும். சுட்ட மண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. பிறகு வெளியே எடுத்து, வினிகரால் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்து, உடுப்பு மாட்டி நிறுத்துவார்கள். அந்தக் குழாய்களில் இன்னும் கறை இருக்கிறது. நூற்றுக்கணக்கான முகங்களைத் தாண்டி வந்த பிறகும் கண்ணில் நிற்பது அந்தக் கறைதான்.

மழைக்காகிதம்

குழாய் இருக்கட்டும். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் ரொசாலியா கண்ணைத் திறப்பதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே? இரண்டு வயது நிறையாத குழந்தை. 1918 டிசம்பர் 13-ல் பிறப்பு, 1920 டிசம்பர் 6-ல் இறப்பு. தலையில் பெரிய பட்டு ரிப்பன், நெற்றியில் விழுந்த முடி, மூடியும் மூடாத இமை. காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி. இமைக்குக் கீழே நீலம் தெரிகிறது. இது புனித ரொசாலியாவின் அருள் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கும் வேறு விளக்கம் தோன்றவில்லை.

உப்புக்கல்

விளக்கம் இருக்கிறது. அந்த இமை முழுசாக மூடியதே கிடையாது, முதல் நாளிலிருந்தே சில மில்லிமீட்டர் திறந்துதான் இருக்கிறது. பக்கத்து ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் பகல் நகர நகரக் கோணம் மாறும். நிழல் விலகினால் விழி தெரியும், நிழல் விழுந்தால் மறையும். இணையத்தில் சுற்றும் வீடியோ பல மணி நேரப் படங்களை ஒட்டி வேகமாக ஓட்டியது. பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தியதில் கோணம் இன்னும் தெளிவாகிவிட்டது என்று அங்கே ஆய்வு செய்யும் பியோம்பினோ மஸ்காலியே சொல்லிவிட்டார்.

அதிசயம் வேண்டுமென்றால் அது மருந்தில் இருக்கிறது. பதப்படுத்தியவர் ஆல்ஃபிரெடோ சலாஃபியா. அவர் கைப்பட எழுதி வைத்த குறிப்பு பின்னால் உறவினர்களிடம் கிடைத்தது. மூன்று பங்குக் கலவை: கிளிசரின் ஒரு பங்கு; துத்தநாக உப்புகளைக் கரையுமட்டும் கரைத்த ஃபார்மலின் ஒரு பங்கு; சாலிசிலிக் அமிலம் கரைத்த ஆல்கஹால் ஒரு பங்கு. ஃபார்மலின் கிருமியைக் கொல்லும், ஆல்கஹால் உலர்த்தும். அதிகம் உலர்ந்து தோல் சுருங்காமல் கிளிசரின் பார்த்துக்கொள்ளும். சாலிசிலிக் அமிலம் பூஞ்சையைத் தடுக்கும். கன்னம் குழி விழாமல் நிற்பதற்குக் காரணம் துத்தநாகம். வயிற்றைக் கீறவில்லை, உறுப்பு எதையும் எடுக்கவில்லை, ரத்தக்குழாய் வழியாக ஏற்றியதோடு சரி. எக்ஸ்ரேயில் மூளை, நுரையீரல், கல்லீரல் எல்லாம் உள்ளேயே தெரிகின்றன. இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் நைட்ரஜன் நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் இல்லையென்றால் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் வேலையில்லை.

கடலோடி சொன்ன வடிகால் முறைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் மூன்றாவதாக ஒரு முறையும் இருந்தது: ஆர்செனிக் கரைசலிலோ சுண்ணாம்புப் பாலிலோ முக்கி எடுப்பது.

மொன்தேயடி

பலெர்மோவிலை இருந்து எழுதுறன். மழைக்காகிதம் ரெண்டு ரொசாலியாவையும் ஒண்டாக்கிப்போட்டார். நிலவறையிலை கிடக்கிறது ரொசாலியா லொம்பார்தோ எண்ட சின்னப்பிள்ளை. புனித ரொசாலியா 12-ஆம் நூற்றாண்டு ஆள், இந்த நகரத்தின்ர பாதுகாவலி. 1624-ல கொள்ளைநோய் வந்தநேரம் மொன்தே பெல்லெக்ரீனோ மலைக்குகையிலை இருந்து அவவின்ர எலும்புகளை எடுத்து, அடுத்த வருஷம் ஊர்வலமாக் கொண்டு போனவை. அது இப்ப கதீட்ரல்ல வெள்ளிப் பேழைக்குள்ள இருக்கு. இஞ்ச இருக்கிற எங்கட இலங்கைத் தமிழ்ச் சனம், சைவக்காரரும் சேர்த்துத்தான், அந்த மலைக்கு நடந்து ஏறுறது. நிலவறைக்கு ஒருத்தரும் நேத்தி வைக்கிறேல்லை.

போற வழி லேசு. அரண்மனைக்குப் பக்கத்திலை போர்த்தா நுவோவா வாசல், அதைத் தாண்டி கோர்சோ கலதஃபீமி தெருவாலை மேற்கை நடவுங்கோ, பேந்து வலப்பக்கம் திரும்பினால் கப்புச்சின் சதுக்கம். மத்தியானம் பூட்டுவினம், அந்த நேரம் போய் வாசல்லை நிண்டு வெயில் காயாதேங்கோ.

தாழ்வாரம்

எல்லாருக்கும் கனவில் வருவது அந்த அலறும் வாய்கள்தான். யாரும் அலறிச் சாகவில்லை. நிற்க வைத்த உடலில் தலை முன்னால் சாயும், தாடையைப் பிடித்திருக்கும் தசை உலர்ந்து விட்டுப்போகும், தாடை தன் எடையில் தொங்கிவிடும். படுக்க வைத்தவர்களைப் பாருங்கள், பலருக்கு வாய் இவ்வளவு திறந்திருக்காது.

நூலகத்துப் பூனை

போகிறவர்களுக்குச் சில விஷயம். கேமராவுக்கு அனுமதி இல்லை, போனை வெளியே எடுத்தாலே அதட்டுவார்கள். ஃபிளாஷ் வெளிச்சம் துணிச் சாயத்தைத் தின்றுவிடும். அங்கே உடலுக்குச் சமமான மதிப்பு உடுப்புக்கும் உண்டு. கம்பிவலைக்குள் விரலை விடாதீர்கள். அந்தக் கம்பிகளே முன்பு தொட்டவர்களாலும் பிய்த்துக்கொண்டு போனவர்களாலும் வந்தவை. பத்துப் பேர் ஒரே இடத்தில் கூடி நின்று பேசாதீர்கள். மூச்சில் வரும் ஈரம் சுவரில் ஏறும், சுண்ணக்கல்லில் உப்புப் பூக்கும், அது உதிர்ந்து துணியில் விழும். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் தூசியை நினைத்துக்கொண்டு இறங்குங்கள். கோடையிலும் கீழே குளிர்ச்சி இருக்கும், மெல்லிய மேலாடை ஒன்று போதும்.

வரிசையாகப் பாருங்கள். துறவிகள், ஆண்கள், பெண்கள், கன்னியர், குருக்கள், வக்கீல் மருத்துவர் போன்ற தொழில்காரர்கள் என்று நடைக்கூடங்கள் பிரித்திருக்கும். முதலில் சில்வெஸ்த்ரோ த குப்பியோவைத் தேடுங்கள். 1599-ல் இங்கே வைத்த முதல் துறவி, இன்னும் நிற்கிறார். பழைய குழியைத் திறந்தபோது 45 துறவிகளின் உடல்கள் கெடாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் இந்த வழக்கமே தொடங்கியது. குழந்தைகள் பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1787 முதல் 1880 வரையிலான அந்தக் குழந்தைகளில் 41 பேரை ஆராய 2022-ல் ஒரு திட்டம் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு 14 எக்ஸ்ரே, கத்தியே படாமல். யாருடைய பிள்ளை, எதில் இறந்தது என்று பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை என்பதால்தான் இந்தப் பாடு. உங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாப்பிட்ட கையோடு போகாதீர்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள்.

தாழ்வாரம்

பூனையார் வயிற்றையும் விடவில்லை. யார் கேட்டது?

கடலோடி

சண்டை வேண்டாம். பூனையார் சொன்ன உடுப்பு விஷயத்தோடு ஒன்று. பணக்காரக் குடும்பங்கள் செத்தவருக்கு அவ்வப்போது உடை மாற்றவும் ஏற்பாடு செய்தன. மடத்துக்குக் குடும்பம் காணிக்கை கொடுத்துவந்தால்தான் சுவரில் அந்த இடம். காணிக்கை நின்றால் உடலை எடுத்து ஓரத்துத் தட்டில் கிடத்திவிடுவார்கள், மறுபடி கொடுக்கும்வரை. படுக்க வைத்தவர்களுக்கு வாய் அவ்வளவு திறந்திருக்காததைத் தாழ்வாரம் கவனித்திருக்கிறார். அவர்களில் எத்தனை பேர் பணம் நின்று இறங்கியவர்கள் என்று அந்தத் தட்டைப் பார்த்தால் எண்ணத் தோன்றுகிறது.