சுடுமண் விளக்கு, ஜிமிக்கி அனுப்ப தபாலா, கூரியரா? உடைஞ்சு போனா மாத்திக் கொடுக்கணுமா?

வில்லியனூர்_சக்கரம்:
சுடுமண் ஜிமிக்கி, அகல் விளக்கு, சின்ன பொம்மை இன்ஸ்டால விக்கிறோம். முக்கால்வாசி சென்னை, கோவை, பெங்களூரு. மிச்சம் கடலூர், நெய்வேலி பக்கம். ஸ்பீடு போஸ்ட்டா, கூரியரா? விளிம்பு உடைஞ்சு வந்துச்சுன்னு போட்டோ போடுறவங்க எல்லாருக்கும் மாத்திக் கொடுத்தா கட்டுப்படி ஆகுமா?

தபால்_தராசு:
முதல்ல பெட்டியை அளந்து பாருங்க. பார்சலுக்கு தராசு காட்டுற எடை மட்டும் கணக்கு இல்ல. நீளம் × அகலம் × உயரத்தை செ.மீ.ல பெருக்கி 5000-ஆல வகுத்து, ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் காசு. 30×20×15 பெட்டின்னா 1.8 கிலோ. உள்ள இருக்கிறது 700 கிராம் விளக்கு, மீதி காத்துக்குக் கட்டுற காசு. 20×15×10-ன்னா பெட்டிக் கணக்கு 600 கிராம்தான், அப்போ விளக்கோட 700 கிராமுக்குக் கட்டினா போதும்.

அப்புறம் பின்கோடு. பெருநகரத்துக்கு கூரியர் சரி. கிராமத்து முகவரின்னா பல கூரியர்காரங்க "ஆபீசுக்கு வந்து வாங்கிக்குங்க"ன்னுடுவாங்க, அதுக்குத் தபால்தான். பழைய ரெஜிஸ்டர்டு போஸ்ட் ரேட் அட்டையைத் தூக்கிப் போடுங்க, 1-9-2025 முதல் அது ஸ்பீடு போஸ்ட்டோட சேர்ந்துடுச்சு. ஓடிபி டெலிவரிக்கு (வாங்குறவர் போனுக்கு வர்ற எண்ணைச் சொன்னாத்தான் பார்சலைக் கொடுப்பாங்க) 5 ரூபாயும் வரியும் கூடுதல். நகை செட்டுக்கு வெக்கலாம். பகல்ல வீட்டுல ஆள் இல்லாதவங்களுக்கு வெக்காதீங்க, பார்சல் ஆபீசுக்கும் வீட்டுக்குமா அலையும். விலை அதிகமான பொருள்னா இன்ஷூர் பண்ணுங்க. இல்லன்னா தொலைஞ்சாலும் பொருளோட முழு விலை கிடைக்காது.

பெட்டிக்கடை_அக்கா:
தராசு தம்பி சொன்ன சின்னப் பெட்டி ஜிமிக்கிக்கு சரி, விளக்குக்கு ஒத்துவராது. பெட்டிச் சுவருக்கும் விளக்குக்கும் நடுவுல 4, 5 செ.மீ. இடைவெளி வேணும்.

அகல்ல முதல்ல போறது திரி வைக்கிற மூக்கு. குழியில கசக்கின தாளை அடைச்சு, மூக்குக்கு மட்டும் தனியா ஒரு பட்டை பபுள் ஷீட் சுத்தி, அப்புறம் மொத்தமா ரெண்டு சுத்து. குமிழி உள்பக்கம் இருக்கணும். ஒண்ணுமேல ஒண்ணு படுக்க வெக்காம, தட்டு அடுக்குற மாதிரி நிறுத்தி வைங்க. பெயின்ட் அடிச்ச பொருளுக்கு முதல்ல பட்டர் பேப்பர். இல்லன்னா குமிழி அச்சு பெயின்ட்ல பதிஞ்சிடும், கழுவினாலும் போகாது.

அரை கிலோவுக்கு மேலன்னா 5 பிளை, அதாவது அஞ்சு அடுக்கு அட்டைப் பெட்டி. ஒட்டினதும் காதுகிட்ட வெச்சு ஆட்டுங்க, சத்தம் வந்தா பிரிச்சு மறுபடி கட்டுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில அட்டை ஊறி தொய்ஞ்சு போகும், அதனால வெளியில பிளாஸ்டிக் கவர் கட்டாயம். இங்க்ஜெட் பிரின்ட் எடுத்த முகவரின்னா மேல டேப் ஒட்டுங்க.

கல்லாப்பெட்டி:
மாத்திக் கொடுக்கலாம், கணக்குப் போட்டுக் கொடுங்க. 100 பார்சல்ல 3 உடையுதுன்னு வெச்சுக்குவோம். பொருள் 200, மறுபடி அனுப்ப 90, ஆக 870 ரூபாய். பார்சலுக்கு 9 ரூபாய் கூட வரல. விலையில 10 ரூபாய் ஏத்திட்டு, வாக்குவாதமே வேண்டாம்.

அன்பாக்சிங் வீடியோ இருந்தாத்தான் மாத்துவோம்னு போடுறது நல்ல வாடிக்கையாளரையும் திருடனாப் பார்க்கிற வேலை. பொருளுக்கு ஒரு போட்டோ, வெளிப்பெட்டிக்கு ஒரு போட்டோ போதும். ரெண்டாவது போட்டோ உங்களுக்காக: மூலை நசுங்கியிருந்தா வழியில அடி, பெட்டி முழுசா இருந்து உள்ள உடைஞ்சிருந்தா உங்க பேக்கிங் சரியில்ல. உடைஞ்சதைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீங்க. ஜிமிக்கி ஒண்ணு உடைஞ்சா ஜோடியாவே அனுப்புங்க, வேற சூளையில வெந்தது நிறம் ஒத்துப்போகாது. அதே முகவரியில ரெண்டாவது தடவையும் உடைஞ்சுதுன்னா பணத்தைக் கொடுத்து முடிச்சுக்குங்க.

2020 இ-காமர்ஸ் விதிப்படி அமேசான் மாதிரி மார்க்கெட்பிளேஸ்ல விக்கிறவங்க புகார் கிடைச்சதை 48 மணி நேரத்துல ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். இன்ஸ்டாலயும் அதையே பழக்கமா வெச்சுக்குங்க.

ஆடிட்டர்_ஆபீஸ்_திண்ணை:
ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. வில்லியனூரிலிருந்து கடலூர் பக்கத்தில் இருந்தாலும் ஜிஎஸ்டிக்கு அது வேறு மாநிலம். வில்லியனூர் உள்ள புதுச்சேரியின் ஜிஎஸ்டி மாநில எண் 34, தமிழ்நாட்டுக்கு 33. மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால், விற்றுவரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருளுக்கு மட்டும் 20 லட்சம் வரை விலக்கு உண்டு, மண்பாண்டப் பொருள்கள் அதில் வரும். ஆனால் பான் எண் வேண்டும். கூரியரில் போனால் தொகை சிறியதாக இருந்தாலும் இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கு ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) போட வேண்டும். பதிவு எடுப்பதானால் காம்போசிஷன் (விற்றுவரவில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) வேண்டாம், அதில் வெளிமாநில விற்பனைக்கே இடமில்லை.

வில்லியனூர்_சக்கரம்:
கடலூர் விஷயம் சுத்தமா தெரியாது, நன்றி சார். கேஷ் ஆன் டெலிவரி கேட்கிறவங்களை என்ன பண்றது?

கல்லாப்பெட்டி:
அனுப்புற செலவை மட்டும் முன்னாடியே ஜிபேல வாங்கிடுங்க. அவங்க பார்சலை வாங்காம திருப்பி விட்டா போக வர ரெண்டு செலவும் உங்க தலையில. அந்தத் தொகையைக் கூட முன்பணமா தரமாட்டேன்னா அனுப்பாதீங்க.