புதுப்பிப்பு: லண்டன் கேஸ்ட்ரோபப்பில் ஞாயிறு ரோஸ்ட்

லண்டன் கேஸ்ட்ரோபப் (நல்ல சாப்பாடும் தரும் மதுக்கூடம்) பற்றிய என் முந்தைய இழையில் மேசை பிடிப்பதோடு நிறுத்தியிருந்தேன். ஞாயிறு ரோஸ்ட் (வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு, கிரேவியோடு வரும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு) பற்றியும் சைவம் பற்றியும் கேள்விகள் வந்ததால் இது.

ரோஸ்ட்டுக்குப் பகல் 1 மணிவாக்கில் போய்விடுங்கள். இறைச்சியை அன்றைக்கு என்று அளவாகத்தான் வாட்டுவார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். பார் இரவு வரை திறந்திருந்தாலும் சமையலறை அதற்கு வெகுமுன்பே மூடிவிடும்.

சைவர்களுக்குத்தான் பொறி அதிகம். இறைச்சிக்குப் பதிலாகக் கொட்டைகளை அரைத்துச் சுடும் நட் ரோஸ்ட்டில் இறைச்சி இல்லை. ஆனால் மேலே ஊற்றும் கிரேவி இறைச்சிச் சாறாக இருக்கலாம். உருளைக்கிழங்கும் யார்க்‌ஷர் புட்டிங்கும் (மாவுக் கரைசலைச் சுட்டது, இனிப்பல்ல) மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வெந்திருக்கலாம். புட்டிங்கில் முட்டையும் உண்டு. 'வெஜிடேரியனா?' என்றால் தலையாட்டிவிடுவார்கள். எந்தக் கொழுப்பு, எந்தக் கிரேவி என்றே கேளுங்கள்.

பீர் ஊற்றும் அளவான பைன்ட் என்பது 568 மி.லி.; பாதியும் கிடைக்கும். கேஸ்க் ஏல் (பீப்பாயிலிருந்தே ஊற்றும் பீர்) 11–13 டிகிரியில்தான் வரும், அது குறையல்ல. புளித்த வினிகர் வாடை அடித்தால் மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள்.

பாரிலேயே ஆர்டர் செய்து காசு கொடுத்தால் டிப்ஸ் வேண்டியதில்லை. மேசையில் பரிமாறினால் பில்லில் பெரும்பாலும் 12.5% சேவைக் கட்டணம் இருக்கும். கார்டு மெஷின் அதற்குமேல் கேட்டால் 'வேண்டாம்' அழுத்துங்கள்.