எங்களை ‘ஆல் பாஸ் பேட்ச்’ என்று சொல்வது நியாயமா?

பின்வரிசை23:
ஏப்ரல் 3, 2023. கணக்குப்பதிவியல் எழுதிவிட்டு வெளியே வந்தோம், பள்ளிக்கூடம் முடிந்தது. இங்க் தெளிக்கக் கூடாது என்று வாசலில் ஒரு போலீஸ் அக்கா நின்றார். அடுத்த தெருவுக்குப் போய்த் தெளித்தோம். ஸ்கெட்ச் பேனாவால் சட்டை முழுக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், திண்ணையில் இருந்த மாமா கேட்டார்: “ஆல் பாஸ் பேட்ச்தானே, இந்தத் தடவையாவது நிஜமா எழுதினீங்களா?”

அதுதான் உறுத்துகிறது. எங்கள் நான்கு வருடத்தைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால், 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். பத்தாம் வகுப்பில் பாதி வருடத்துக்கு மேல் கல்வித் தொலைக்காட்சியும் அம்மாவின் போனும்தான். அம்மா வேலைக்குப் போனால் போனும் போய்விடும். 2021 ஜனவரி 19 அன்று பள்ளி திறந்தார்கள். ஒரு அறைக்கு 25 பேர், மதியம் ஜிங்க் மாத்திரை. மாத்திரையை யார் தண்ணீர் இல்லாமல் விழுங்குவது என்று பந்தயம் கட்டினோம். பத்தாம் வகுப்பில் எனக்கு நினைவிருக்கும் ஒரே விளையாட்டு அதுதான். பிப்ரவரி 25 அன்று, பொதுத்தேர்வு இல்லை, எல்லாரும் ஆல் பாஸ் என்று சட்டசபையில் அறிவித்தார்கள். மார்ச்சில் மறுபடியும் பூட்டு.

பிளஸ் ஒன் செப்டம்பரில்தான் தொடங்கியது. நடுவே ஜனவரியில் இன்னொரு விடுமுறை. குறைத்த பாடத்தில் பொதுத்தேர்வு எழுதியது மே வெயிலில். பிளஸ் டூவில் முழுப் பாடத்திட்டம், சலுகை எதுவும் கிடையாது. இதில் எது எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது?

பழைய1200:
தம்பி, நன்றாக எழுதுகிறாய். ஆனால் உன் பதிவிலேயே பதில் இருக்கிறது. ஒரு பொதுத்தேர்வை எழுதாமலே தேறினாய். இன்னொன்றைக் குறைத்த பாடத்தில் எழுதினாய். நான் 2009 பேட்ச், பிளஸ் டூவை 1200 மார்க்குக்கு எழுதினோம். விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி டியூஷன் அனுப்புவார்கள். ரிசல்ட் வரும் நாளில் தெருவே வீட்டு வாசலில் நிற்கும்.

அதே 2021-ல் கேரளாவில் எஸ்எஸ்எல்சியும் பிளஸ் டூவும் ஏப்ரலில் நேரில் எழுத வைத்தார்கள். அங்கே மட்டும் கொரோனா இல்லையா? அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை என்றுதான் கேட்க வேண்டும். ‘நாங்கள் பாவம்’ என்பது வாதம் ஆகாது.

பின்வரிசை23:
அண்ணா, கேரளா விஷயம் சரிதான், மறுக்கவில்லை. என்னைக் கேட்டால் எழுதியிருக்கலாம். ஆல் பாஸ் வேண்டும் என்று நான் மனுப் போடவில்லையே!

அதன் விலையையும் கேளுங்கள். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘தேர்ச்சி’ என்று இருக்கிறது, மதிப்பெண் கிடையாது. கிராம அஞ்சல் ஊழியர் வேலைக்குப் பரீட்சை இல்லை, பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். மார்க் கேட்கும் கட்டத்தில் நான் எதை நிரப்புவது? எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் குரூப் கொடுத்ததும் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு மார்க்கை வைத்துத்தான். அந்த அரையாண்டில் எனக்கு மஞ்சள் காமாலை, கணக்கில் 41. அதனால்தான் காமர்ஸ். இப்போது அது பிடித்துப்போய்விட்டது, அது வேறு கதை.

மெட்ரிக்வாசி:
1200 அண்ணனுக்கு ஒரு கேள்வி. உங்கள் காலத்தில் ப்ளூ பிரிண்ட் இருந்ததா இல்லையா? எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் வரும் என்று முன்கூட்டியே தெரியும். புத்தகத்தின் பின்பக்கக் கேள்வியை உருப்போட்டால் பாதிக் கிணறு தாண்டலாம். நான் படித்த தனியார் பள்ளியில் என் அண்ணன் செட்டுக்குப் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிரிக்கவே விடவில்லை. ஜூன் மாதமே பிளஸ் டூ பாடம்தான். இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்து, 1200-ஐ 600 ஆக்கினார்கள். அடுத்த வருடம் பாடப்புத்தகமும் மாறியது. தடிமனைப் பார்த்தாலே தூக்கம் வரும். ‘நாங்கள் நிஜமாகப் படித்தோம்’ என்று நெஞ்சை நிமிர்த்துவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

பழைய1200:
ப்ளூ பிரிண்ட் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பழக்கமும் இருந்தது. நான் இன்று ஒரு கம்பெனியில் புதுப் பிள்ளைகளை நேர்காணல் செய்கிறேன். நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதச் சொன்னால் பேனாவைப் பிடிக்கவே தடுமாறுகிறார்கள். இவனைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எதுவுமே நஷ்டமாகவில்லை என்பது போலப் பேச வேண்டாம்.

பூவரசு:
நஷ்டமாகவில்லை என்று அவர் எங்கே சொன்னார்? நீங்கள் இரண்டு பேரும் மார்க்கையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

நான் கிராமத்துப் பெண்கள் மேல்நிலைப்பள்ளி, அதே பேட்ச். எங்கள் பத்தாம் வகுப்பில் 38 பேர். 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது இரண்டு பேர் கழுத்தில் தாலியோடு இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவர்கள் வரவில்லை. ஒருத்தி என் பெஞ்ச். அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது, மூடியில் நெயில் பாலிஷால் அவள் எழுத்து. பள்ளி திறந்தே இருந்திருந்தால் டீச்சர் யாராவது வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருப்பார். பூட்டிக் கிடந்ததால் கேட்க ஆளில்லை. பிரிவு விழாவில் எல்லாரும் ‘மறக்க முடியாத நாட்கள்’ என்று பேசினார்கள். நான் மேடை ஏறவில்லை.

பழைய1200:
இது கஷ்டமான விஷயம்தான் அம்மா. ஆனால் பள்ளி வயதில் கல்யாணமும் படிப்பு பாதியில் நிற்பதும் எங்கள் காலத்திலும் உண்டு. அதற்கும் ஆல் பாஸுக்கும் என்ன சம்பந்தம்?

டஸ்டர்:
சம்பந்தம் இருக்கிறது சார். நான் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். மார்ச் 13 அன்று பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுக்க 50,000 பேருக்கு மேல் வரவில்லை, செய்தியில் பார்த்திருப்பீர்கள். மறுநாளே எங்களிடம் பட்டியல் கேட்டார்கள். நாங்கள் வீடு வீடாகப் போனோம்.

என் பள்ளியில் வராதவர்கள் பதினோரு பேர். அவர்களில் எட்டுப் பேர் பிளஸ் ஒன்னிலேயே நின்றுவிட்டவர்கள். பத்தில் எல்லாரும் தேர்ச்சி என்றதும் பிளஸ் ஒன்னில் சேர்த்துவிட்டார்கள். சேர்ந்தவன் வகுப்புக்கு வந்தானா என்று யார் பார்த்தது? இடைநின்றவர் என்று எழுதினால் மேலே விளக்கம் சொல்ல வேண்டும். பெயரை அடிக்காமல் விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் அடிக்காமல் விட்டவன்தான். வழக்கமான வருடமென்றால் பத்தாம் வகுப்புத் தேர்விலேயே இந்தப் பையன்கள் எங்கள் கண்ணில் பட்டிருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து, ஹால் டிக்கெட்டை வாங்க ஆள் இல்லாதபோதுதான் தெரிந்தது. அதனால் தேர்வை ரத்து செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அன்றைய நிலைமை அப்படி. அதற்கப்புறம் நாங்கள் பிள்ளைகளை எண்ணிப் பார்க்காமல் விட்டதுதான் தப்பு.

பின்வரிசை23:
சார், நான் முதல் பதிவில் எழுதாமல் விட்டதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

எங்கள் வகுப்பிலும் ஒருத்தன் இருக்கிறான். பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்காருவான், அந்த மாத்திரைப் பந்தயத்தில் எப்போதும் அவன்தான் ஜெயிப்பான். லாக்டவுனில் அவன் அப்பாவுக்கு லோடு வேலை நின்றது, இவன் திருப்பூர் போய்விட்டான். பிளஸ் ஒன்னில் பெயர் இருந்தது, ஆள் இல்லை. எங்கள் செட்டுக்கு இலவச சைக்கிள் தாமதமாக, பிளஸ் டூ ஆரம்பத்தில்தான் வந்தது. அன்றைக்கு மட்டும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வந்தான். சட்டை இறுகி, கை முட்டியோடு நின்றது. சைக்கிளை வாங்கி, சீட்டில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் ஏறிப் போனான். இப்போது பனியன் கம்பெனிக்கு அந்த சைக்கிளில்தான் போகிறானாம். போன மாதம் குரூப் போட்டோ எடுத்தபோது யாருக்கும் அவன் நினைவே வரவில்லை. எனக்கும்தான்.

மெட்ரிக்வாசி:
எங்கள் பள்ளியில் யாரும் நிற்கவில்லை. ஃபீஸ் கட்ட முடியாதவர்கள் வேறு பள்ளிக்குப் போனார்கள். எங்கே போனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இதைப் படிக்கும்போதுதான் உறைக்கிறது.

பழைய1200:
சரி. ‘ஆல் பாஸ் பேட்ச்’ என்று இனி நான் சொல்லவில்லை, உன் மாமாவுக்கு நான் பொறுப்பில்லை. தேர்வு வைத்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் மாறமாட்டேன். டஸ்டர் சார் சொல்வதைப் பார்த்தால் என் கட்சிக்குத்தான் பலம். தேர்வு இருந்திருந்தால் அந்தப் பையன் அப்போதே கண்ணில் பட்டிருப்பான்.

பூவரசு:
கண்ணில் பட்டு? ஃபெயில் என்று எழுதி அனுப்பியிருப்பீர்கள்.

பழைய1200:
ஃபெயில் ஆனவனைத் தேடி டுடோரியல்காரனாவது வருவான் அம்மா. பாஸ் ஆனவனைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

டஸ்டர்:
சண்டை இருக்கட்டும். பின்வரிசை தம்பி, மார்ச்சில் எழுதாதவர்கள் ஜூன் துணைத் தேர்வு எழுதலாம். உன் நண்பன் பெயர் பட்டியலில் இருந்ததா, செய்முறைத் தேர்வு ஏதாவது இருந்ததா என்று பள்ளியில் கேட்டுச் சொல். வகுப்புக்கே வராதவனுக்கு வருகை நாள் சிக்கல் வரும். அதனால் நேரடியாக எழுத முடியுமா, தனித்தேர்வராகப் போக வேண்டுமா என்று பார்க்க வேண்டும். கடைசித் தேதி வரை இழுக்காதே.

பின்வரிசை23:
காமர்ஸ்தான் சார், கணினிப் பயன்பாடு மட்டும் செய்முறை உண்டு. நாளைக்கே ஆபீஸ் ரூமில் கேட்கிறேன். அவனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு, அன்றைக்குத் திருப்பூர் பஸ் ஏறப் போகிறேன். சட்டையில் இடது பாக்கெட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் பாக்கி இருக்கிறது, ஸ்கெட்ச் பேனாவையும் எடுத்துக்கொண்டுதான் போவேன்.