அம்மம்மாவின் நீலக்கல் மோதிரம்: கல் கட்ட ஒரு பத்தர் தேவை
மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். அம்மம்மாவின் வெள்ளி மோதிரத்தில் நீலக்கல்லைப் பிடிக்கும் நான்கு கொக்கிகளில் ஒன்று போன மாதம் முறிந்துவிட்டது. தொட்டாலே கல் ஆடுகிறது.

இரத்தினபுரிக் கல். சனிக்கு உரியது என்பதால் மூன்று இரவு தலையணைக்குக் கீழ் வைத்துப் பார்த்து, கெட்ட கனவு வராத பிறகுதான் நடுவிரலில் போட்டாராம். கல் தோலில் பட வேண்டுமென்று அடிப்பக்கம் திறந்தே இருக்கும். வெயிலில் பிடித்தால் உள்ளே நூல்போல ஒரு கோடு தெரியும்.

டவுனில் ஒரு கடையில் அடியை மூடித்தான் கட்டலாம் என்றார்கள். இன்னொன்றில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். கல் மாறிவிடுமோ என்று மனம் கேட்கவில்லை. அக்கரைப்பற்றில் விசாரித்த பத்தர் தொழிலை விட்டுவிட்டாராம்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ, நம் கண்முன்னே அடி திறந்தபடி கல் கட்டித் தரும் பத்தர் யாரையாவது தெரியுமா?