பலூன்ல ஹெச்வி (உயர் வோல்டேஜ்) சப்ளை மேலே போனதும் ட்ரிப் ஆகுது, அவசரம்

வளிக்கூண்டு: கீழே எல்லாம் சரியா ஓடுது. பலூன் மேலே போனதும் டிடெக்டரோட கவுன்ட் கண்டபடி ஏறி ஹெச்வி ட்ரிப் (தானா அணைஞ்சிடுது). இறங்கும்போது தானா சரியாயிடுது. போர்டுக்குக் கோட்டிங் அடிச்சாச்சு. அடுத்த ஏவல் இந்த வாரம். என்ன பண்ணலாம்?

ஓம்விதி: "மேலே"ன்னா எத்தனை கி.மீ.? எத்தனை வோல்ட்? டிசியா ஏசியா? இடைவெளி எவ்வளவு? என்ன கோட்டிங்?

மைனஸ்40: பேட்டரிதான். குளிர்ல லித்தியம் செல்லோட உள்தடை ஏறும், வோல்டேஜ் தொய்யும், கன்வர்ட்டர் படுத்துடும்.

ஓம்விதி: அப்படின்னா கவுன்ட் ஏன் ஏறணும்? லாகைப் பாருங்க. ட்ரிப்புக்கு முன்னாடி பேட்டரி வோல்டேஜ் முதலில் விழுந்தா பேட்டரி. ஹெச்வி கரன்ட் முதலில் எகிறினா டிஸ்சார்ஜ், அதாவது காற்று வழியா மின்சாரம் பாயுது.

வளிக்கூண்டு: 1000 வோல்ட் டிசி, போட்டோமல்டிபிளையர் (மங்கலான ஒளியையும் பிடிச்சுப் பெருக்கிக் கொடுக்கிற டியூப்). சுமார் 20 கி.மீ.ல ட்ரிப். வோல்டேஜைப் பிரிச்சுக் கொடுக்கிற டிவைடர் போர்டுல ஹெச்விக்கும் கிரவுண்டுக்கும் 3 மிமீ. அக்ரிலிக் ஸ்ப்ரே. சாக்கெட் பின்களுக்கு அடிக்கல. கரன்ட்தான் முதல்ல எகிறுது.

பழைய_ஆசிலேட்டர்: காற்று மெலிய மெலிய, ஒரு எல்லை வரைக்கும், குறைஞ்ச வோல்ட்லயே பொறி பறக்கும். பாஷென் 1889லேயே சொல்லிட்டுப் போன விஷயம். பலூன் விடுறதுக்கு முன்னாடி ஒரு வளைகோட்டைப் பார்த்திருக்கலாம். தரையில 3 மிமீ 10 கிலோவோல்ட் தாங்கும். 20 கி.மீ.ல அழுத்தம் 5.5 கிலோபாஸ்கல், அதாவது 41 டார். அழுத்தம் பெருக்கல் இடைவெளி 12 டார்-செ.மீ. சமதளத் தகடுகளுக்கே 1200 வோல்ட் சுமார். சாலிடர் கூர்முனைக்கு அதுக்கும் கீழே. இதுல அதிசயம் என்ன இருக்கு?

சாலிடர்புகை: அவர் உதவி கேட்டாரு, பாடம் கேட்கல. @வளிக்கூண்டு, ஸ்ப்ரே கோட்டிங் போதாது. ஊசித்துளை வழியாவும் லீடோட ஓரம் மெலிஞ்ச இடத்துலயும் உடையும். ஹெச்வி முனைகளை சிலிக்கோன்ல முழுசா பாட்டிங் (ஊத்தி மூடுறது) பண்ணுங்க:
- கூர்முனைகளை வெட்டி, ஜாயின்டை உருண்டையா பூசுங்க.
- ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஃப்ளக்ஸைக் கழுவி, 60 டிகிரியில் நல்லா உலர்த்துங்க.
- சிலிக்கோனைக் கலந்ததும் வாக்யூம்ல வையுங்க. பொங்கி அடங்கணும். மெதுவா ஊத்தி, மறுபடி வாக்யூம்.

குமிழி மாட்டினா அதுக்குள்ள இருக்கிற காற்று நாள்பட மெல்லக் கசியும், பிறகு அங்கேயே பொறி. கேபிள் நுழையும் இடத்தை விட்டுடாதீங்க. பெரும்பாலும் அங்கேதான் போகுது.

ஓம்விதி: முழு போர்டையும் மூட வேண்டாம். காற்றில் பாஷென் குறைந்தபட்சம், அதாவது அந்த வளைகோட்டோட அடிமட்டம், சுமார் 327 வோல்ட். அதுக்குக் கீழே டிசியில் எந்த இடைவெளியும் உடையாது. டைனோடுக்கு டைனோடு (டியூப்புக்குள்ள வரிசையா இருக்கிற மின்முனைகள்) 100 வோல்ட்தான், பிரச்சினை இல்லை. 300க்கு மேல் வித்தியாசம் உள்ள முனைகளைத்தான் பார்க்கணும்.

மைனஸ்40: இன்னும் மேலே போனா காற்றே இருக்காது, தானா சரியாகிடும்தானே?

பழைய_ஆசிலேட்டர்: 3 மிமீக்கு அந்த வளைகோட்டுப் பள்ளத்தோட அடி 40 கி.மீ.யைத் தாண்டித்தான். உங்க பலூன் ஏறுற வரைக்கும் நிலைமை மோசமாகிட்டேதான் போகும்.

சாலிடர்புகை: வாக்யூம் சேம்பர்ல 10, 5.5, 2.5, 1.2 கிலோபாஸ்கல்னு ஒவ்வொன்றிலும் சில நிமிஷம் நிறுத்தி, ஹெச்வி கரன்ட்டைப் பதியுங்க. விளக்கை அணைச்சுட்டு ஜன்னல் வழியா பாருங்க, ஊதா மினுக்கம் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். டியூப்பை மட்டும் மூடி வையுங்க.

பழைய_ஆசிலேட்டர்: அழுத்தமல்ல, அடர்த்திதான் கணக்கு. அறை வெப்பநிலையில் அதே அழுத்தத்தில் காற்று, மேலே மைனஸ் 56 டிகிரியில இருக்கிறதைவிட கால் பங்கு மெலிசு. உங்க சேம்பர் சோதனை நிஜத்தைவிடக் கடுமை.

சாலிடர்புகை: பெட்டிக்குள்ள ஹீட்டர் ஓடுது சார். உள்ளே மைனஸ் 56 இல்லை.

பழைய_ஆசிலேட்டர்: ஹீட்டர் இருக்குன்னு அவர் எங்கே சொன்னார்?

வளிக்கூண்டு: ஹீட்டர் இருக்கு. சேம்பர்ல பார்த்தேன், 6 கிலோபாஸ்கல்ல சாக்கெட் பின்ல ஊதா. பாட்டிங் ஊத்தியாச்சு, 1.2 வரைக்கும் கரன்ட் அசையல. நன்றி.