“என் போனை ஹேக் பண்ணிட்டாங்க”: கைக்கு வந்த கேஸ்களைப் பகிருங்கள்

மதுரை சர்வீஸ் கடை

ட்ராஃபிக் ஃபைன் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்ல வர்ற போலி ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு போன்ல ஆப்பை ஏத்துற கோப்பு, இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா கடைக்கு வந்த ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா போன் இன்னும் மனசை விட்டுப் போகல. “ஓடிபி யாருக்கும் சொல்லலையே தம்பி, பணம் எப்படிப் போச்சு?”ன்னு கேட்டாங்க. மெசேஜ் ஆப்பைத் திறந்தா, அவங்களே அனுப்பினதா ஒரு எஸ்எம்எஸ். முன்பின் தெரியாத நம்பருக்கு, எழுத்தும் எண்ணும் கலந்து வாயில நுழையாத நீள வரி. யுபிஐ ஆப்பைப் புது போன்ல ஏத்தும்போது சிம்மிலிருந்து தானா போகுமே, அந்த மெசேஜ்தான். அதாவது அவங்க நம்பருக்கான யுபிஐ வேற எங்கயோ ஒரு போன்ல பதிவாகியிருக்கு. ஃபைன் கட்டுறதா நெனச்சு கார்டு விவரத்தையும் அதே ஆப்ல போட்டிருக்காங்க. கார்டு விவரமும் ஓடிபியும் சேர்ந்தா யுபிஐ பின்னையே புதுசா வச்சுடலாம். வர்ற ஓடிபியைப் படிக்கிறதோட இந்த ஏபிகே நிக்கிறதில்ல, நம்ம சிம்லருந்து மெசேஜ் அனுப்பவும் செய்யுது. எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தாச்சுன்னா ரெண்டும்தான்.

அதை எடுக்கப் போனா அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிக் கிடக்கு. ஃபோர்ஸ் ஸ்டாப் பக்கத்துக்குப் போனா திரை தானா ஹோமுக்குத் தாவுது. ஆக்சஸிபிலிட்டி அனுமதியை (திரையைப் படிக்கவும் நமக்குப் பதிலா தொடவும் விடுற அனுமதி) வாங்கி வச்சுக்கிட்டு, எந்தப் பக்கம் திறக்குதுன்னு பார்த்து அதுவே வெளிய தள்ளுது. இதுக்கு வழி: முதல்ல சிம்மை வெளிய எடுங்க, வைஃபையை அணைங்க. பவர் மெனுவுல ‘பவர் ஆஃப்’ஐ அழுத்திப் பிடிச்சா சேஃப் மோடு கேக்கும். கேக்காத போன்ல, ஆன் ஆகும்போது லோகோ வந்ததும் வால்யூம் டவுனைப் பிடிச்சுப் பாருங்க. சேஃப் மோடுல நாம ஏத்தின ஆப் எதுவும் ஓடாது. அப்புறம் செட்டிங்ஸ்ல ‘டிவைஸ் அட்மின் ஆப்ஸ்’னு (போனைக் கட்டுப்படுத்த அனுமதி வாங்கின ஆப்கள்) தேடி அந்த ஆப்போட டிக்கை எடுங்க, ஆக்சஸிபிலிட்டியிலயும் அணைங்க. இப்ப அன்இன்ஸ்டால் பட்டன் உயிர் பெறும். ஐகான் இல்லைன்னா ஆப் லிஸ்ட்ல பேரே இல்லாத வரியைத் தேடுங்க, சிலது ‘கூகுள் ப்ளே’ மாதிரி பேரும் வச்சிருக்கும். டீஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப் எதுன்னும் பாருங்க, அந்த இடத்தை இது பிடிச்சிருக்கலாம்.

ராஜா_78

ஃபேக்டரி ரீசெட் அடிச்சா அஞ்சு நிமிஷ வேலை. எதுக்கு அண்ணே இவ்வளவு சுத்து?

கோவை சிஸ்டம் அட்மின்

ராஜா, ரீசெட் சுத்தம் செய்வது போனை. கணக்கைத் திருடியவன் கணக்கில் இருக்கிறான், அவனுடைய கருவியில் லாகின் அப்படியே இருக்கும். ரீசெட்டுக்கு முன் பேங்குக்குச் சொல்லவில்லை என்றால் அந்த எஸ்எம்எஸ் சாட்சியும் அழிந்துவிடும்.

எனக்கு மறக்காத ஒன்று: ஒரு சின்ன ஜவுளி வியாபாரி. போனை இரண்டு முறை ரீசெட் செய்து, ஜிமெயில் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். அப்படியும் பேங்க் மெயில் ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, பல்சக்கரக் குறியைத் தொட்டு, எல்லா செட்டிங்ஸும் காட்டும் பக்கத்தில் ‘ஃபில்டர்ஸ்’ என்ற தலைப்புக்குப் போனால் ஒரே ஒரு விதி. ‘பேங்க்’, ‘ஓடிபி’, ‘அலர்ட்’ என்ற சொல் எதில் இருந்தாலும் இன்பாக்ஸுக்குப் போகாமல் நேரே குப்பைக்கு. பக்கத்துத் தலைப்பில் இன்னொரு முகவரிக்கு ஃபார்வர்டிங். போனில் இருக்கும் ஜிமெயில் ஆப்பில் இந்த விதி தெரியவே தெரியாது. பாஸ்வேர்டு மாற்றினால் பெரும்பாலான கருவிகள் வெளியேறிவிடும், ஆனால் ஃபில்டரும் ஃபார்வர்டிங்கும் அசையாமல் இருக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். சந்தேகப்படும் போனில் எதையும் மாற்றாதீர்கள். புதுப் பாஸ்வேர்டையும் அது படித்துவிடும். சுத்தமான வேறொரு கருவியில் முதலில் மெயில், அதற்குப் பிறகு பேங்க், கடைசியாக மற்றவை. மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மெயில் வழியாக மாற்றிவிடலாம் என்பதால் மெயில் கைக்கு வராமல் மற்றதைத் தொட்டுப் பயனில்லை. கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் ‘யுவர் டிவைசஸ்’, ரிக்கவரி எண், ரிக்கவரி மெயில், பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் கைரேகையாலோ பூட்டாலோ நுழையும் வழி), இணைந்திருக்கும் வெளி ஆப்கள் எல்லாவற்றையும் வரிவரியாகப் பாருங்கள். பாஸ்கீயைத்தான் பலரும் விடுகிறார்கள். அவன் தன் போனில் ஒரு பாஸ்கீ சேர்த்து வைத்திருந்தால் அவனுக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. பேக்கப் கோடுகளை (போன் கையில் இல்லாதபோது கணக்கில் நுழைய உதவுபவை) புதிதாக எடுங்கள், 10 கோடு வரும், பழையவை அத்துடன் செல்லாது. ரிக்கவரி எண்ணை அவன் மாற்றிவிட்டாலும் உடனே கைவிட வேண்டாம். மாற்றிய 7 நாள் வரை பழைய எண்ணுக்கே கோடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் காட்டக்கூடும், அதற்குள் முயலுங்கள்.

ரீசெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கடைசிப் படி. அப்போதும் வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே பேக்கப் எடுத்துத் திரும்பப் போடாதீர்கள். அந்த ஏபிகே கோப்பு அங்கேதான் கிடக்கும்.

சேலம் பாலு

*#21# போட்டா ஹேக் ஆயிருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். எங்க மாமா போன்ல *#62# போட்டதும் ஏதோ ஒரு நம்பர் வந்துச்சு. பயந்துபோய் சிம்மையே உடைச்சுப் போட்டுட்டார். ஆதார், பேங்க் எல்லாம் அந்த நம்பர்லதான்.

நெட்வொர்க் சேகர்

பாலு, உங்கள் மாமா சிம்மை உடைத்தது வீண். இந்தத் தவறான தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வருகிறது.

*#21# ஒட்டுக்கேட்பதைக் காட்டாது, உளவு ஆப்பையும் காட்டாது. எல்லா அழைப்பும் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். *#67# என்றால் லைன் பிஸியாக இருக்கும்போது, *#61# என்றால் எடுக்காதபோது, *#62# என்றால் போன் அணைந்திருக்கும்போது. அந்த *#62#இல் வரும் எண் பெரும்பாலும் நெட்வொர்க்கே வைத்திருக்கும் வாய்ஸ்மெயில் அல்லது மிஸ்டு கால் அலர்ட் எண். “நீங்கள் தொடர்பில் இல்லாதபோது இவர் அழைத்தார்” என்று எஸ்எம்எஸ் வருகிறதே, அது அதன் வேலை. சந்தேகமிருந்தால் கஸ்டமர் கேரில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கவலைப்பட வேண்டியது *#21#இல் தெரியாத 10 இலக்க மொபைல் எண் வந்தால். “பார்சல் வந்திருக்கு, டெலிவரி பையன் நம்பரை இப்படி டயல் பண்ணுங்க” என்று சொல்லி *21* அல்லது *401* போட்டு ஓர் எண்ணை அழுத்த வைப்பார்கள். அழுத்தியதும் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவனுக்கு. உடனே அவன் தன் போனில் உங்கள் எண்ணை வைத்து வாட்ஸ்அப்பைத் திறந்து, எஸ்எம்எஸ் வேண்டாம், கால் பண்ணிக் கோடு சொல் என்பான். அந்த 6 இலக்கக் கோடு அவன் காதில் விழும். யுஎஸ்எஸ்டி, அதாவது இப்படி * # போட்டு டயல் செய்யும் கோடு, வழியான கால் ஃபார்வர்டிங்கை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அதை நம்பிச் சும்மா இருக்காமல் பார்த்துவிடுவது நல்லது. ##002# எல்லாத் திருப்பலையும் நீக்கும். அது வேலை செய்யாத நெட்வொர்க்கில் டயலர் செட்டிங்ஸில் ‘கால் ஃபார்வர்டிங்’ பக்கத்தில் ஒவ்வொன்றாக அணைக்கலாம்.

வாட்ஸ்அப் ஏற்கெனவே போய்விட்டதா? உங்கள் போனில் மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்கத்தைப் போட்ட அந்த நொடியே அவன் வெளியே. அதற்குப் பிறகு தெரியாத ஒரு பின் கேட்டால், வாட்ஸ்அப்பின் கூடுதல் பூட்டான டூ ஸ்டெப் பின்னை அவன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அது இல்லாமல் நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் அந்த 7 நாளும் அவனாலும் உங்கள் பெயரில் பேச முடியாது. இது தெரியாமல் திரும்பத் திரும்பக் கோடு கேட்பவர்கள்தான் அதிகம். கேட்கக் கேட்கக் காத்திருக்கும் நேரம் மணிக்கணக்கில் ஏறும்.

ராஜா_78

சரிண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா வாட்ஸ்அப்ல ‘லிங்க்டு டிவைசஸ்’ல (நம்ம வாட்ஸ்அப் திறந்திருக்கிற மத்த கருவிகளோட பட்டியல்) தெரியாதது இருந்தா யோசிக்காம லாக் அவுட் அடிச்சுடணும், அதுலயாவது சண்டை இல்லையே?

மலர், சமூகப்பணி

அதிலும் எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை, ராஜா. எங்கோ இருக்கும் மோசடிக்காரன் என்றால் உடனே லாக் அவுட் செய்யுங்கள். எங்களிடம் வரும் பெண்களில் பலருக்கு அந்த ‘விண்டோஸ்’ கம்ப்யூட்டர் சொந்த வீட்டு ஹாலில்தான் இருக்கிறது. ஒரு தங்கை பஸ்ஸில் வரும்போது போனைக் காட்டினார். வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ‘ஆக்டிவ்’ என்று இருந்தது, அவர் அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த மெசேஜை அங்கே ஒருவர் அதே நேரம் படித்துக்கொண்டிருந்தார். அதை வெட்டினால் அந்த ஆளுக்கு அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். மாலை வீட்டுக்குப் போகப்போவது அந்தத் தங்கைதான்.

அடிக்கும் வீடாக இருந்தால் முதலில் அந்தப் பக்கத்தை வேறொருவர் போனில் படமெடுங்கள். உங்கள் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது கூகுள் போட்டோஸில் ஏறி, அதே கணக்கு திறந்திருக்கும் கம்ப்யூட்டரிலும் தெரியக்கூடும். பேச வேண்டியதை வேறு போனில் பேசுங்கள், 181 பெண்கள் உதவி எண்ணையும் அதிலிருந்தே அழையுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு லிங்க்டு டிவைசஸ், கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங், பூட்டின் பேட்டர்ன் எல்லாம் ஒரே மூச்சில் மாற்றுங்கள். கைரேகைப் பட்டியலையும் பாருங்கள்; யாருடையது என்று தெரியாத இன்னொரு விரல் பதிவாகியிருந்தால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் பதியுங்கள். ஐபோனில் ‘சேஃப்டி செக்’ என்று இருக்கிறது, ஐஓஎஸ் 16 முதல். யார் யாருக்கு எதெல்லாம் பகிரப்படுகிறது என்று ஒரே இடத்தில் காட்டும்.

திவ்யா ஐபோன்

ஐபோன்ல “வைரஸ் இருக்கு”ன்னு தினமும் காலண்டர்ல அறிவிப்பு வந்தா அது ஹேக் இல்ல. ஏதோ ஒரு தளத்துல தெரியாம சப்ஸ்கிரைப் ஆயிருக்கு. காலண்டர் ஆப்ல கீழ ‘காலண்டர்ஸ்’, தெரியாத பேருக்குப் பக்கத்துல ‘ஐ’ குறி, சப்ஸ்கிரிப்ஷனை நீக்குங்க. ஆண்ட்ராய்டுல இதே தொல்லை குரோம் நோட்டிஃபிகேஷன் வழியா வரும். சைட் செட்டிங்ஸ்ல அந்தத் தளத்தைத் தடுத்தா நின்னுடும். ரெண்டுலயும் உள்ளே இருக்கிற லிங்கைத் தொடாதீங்க.

மதுரை சர்வீஸ் கடை

மலரக்கா சொன்னதைக் கடைப் பசங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். இனி பொம்பளைப் பிள்ளைங்க போன் வந்தா கேட்டுட்டுத்தான் கை வைப்போம்.

பணம் போயிருந்தா: போனைச் சரி பண்றதுக்கு முன்னாடி சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிங்க. பணம் ஒரு கணக்குலருந்து இன்னொண்ணுக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்துறதுக்குத்தான் அந்த நம்பர். அடுத்து பேங்க். ஆர்பிஐ 2017ல கொண்டு வந்த விதிப்படி, நம்ம கவனக்குறைவால போனாலும்கூட, பேங்குக்குத் தெரிவிச்ச பிறகு போற பணம் பேங்க் பொறுப்பு. அதனால நேரம் பதிவாகணும். போன்ல சொன்னதோட விடாம, புகார் எண்ணையும் அந்த எஸ்எம்எஸ் படத்தையும் வச்சு பேங்குக்கு ஒரு மெயில் போடுங்க, வேற போன்லருந்து. டீச்சரம்மாவுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். யுபிஐ பதிவை ரத்து பண்ணச் சொல்லித் தனியா ஒரு வரி சேர்க்கணும், கார்டை பிளாக் பண்ணா மட்டும் அது போகாது.