கலைச்சொல்: ‘ஆங்கிள் ஆன் தி பௌ’ – அணியக் கோணம்

வணக்கம் நண்பர்களே,

நீர்மூழ்கி விளையாட்டுகளுக்கான சொற்பட்டியலில் ‘மேனுவல் டார்கெட்டிங்’ என்பதற்குக் ‘கைமுறை இலக்கிடல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பொருள் விளங்குகிறது. ஆனாலும் ‘கைக்கணிப்பு’ என்பது இன்னும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. 2005இல் வந்த சைலண்ட் ஹண்டர் 3 விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் இந்த வசதியை இயக்கியதும் என்ன மாறுகிறது? பெரிஸ்கோப்பைத் திருப்புவதும் டார்ப்பிடோவை ஏவுவதும் முன்பும் நம் கையில்தான் இருந்தன. எதிரிக் கப்பலின் தூரம், வேகம், போகும் திசை ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கருவியில் ஏற்றும் வேலையை மட்டும் விளையாட்டு நமக்காகச் செய்துவந்தது. இப்போது அதை நாமே செய்யவேண்டும். கைக்கு வந்து சேருவது கணிப்புதான். இந்தச் சொல்லில் எனக்குப் பிடிவாதம் இல்லை, எது நிலைத்தாலும் சரி.

பிடிவாதம் இருப்பது ‘ஆங்கிள் ஆன் தி பௌ’ விஷயத்தில். ஏஓபி என்று சுருக்கமாகச் சொல்கிறோமே, அது: எதிரிக் கப்பலின் முன்முனையிலிருந்து நாம் எத்தனை பாகை தள்ளி இருக்கிறோம் என்ற அளவு. கைக்கணிப்பைத் தொடங்குகிறவர்களை முதலில் தடுக்கி விடுவது இந்த அளவுதான். சரியான தமிழ்ச்சொல் கிடைத்தால் பாதி விளக்கத்தை அந்தச் சொல்லே கொடுத்துவிடும்.

> ‘இலக்குக் கோணம்’ என்று எளிமையாக வைத்துவிடலாமே?

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் இதில் இரண்டு இடைஞ்சல்கள் இருக்கின்றன. கடற்படை வழக்கில் ‘டார்கெட் ஆங்கிள்’ என்றே தனியாக ஓர் அளவு உண்டு. அது இலக்குக் கப்பலின் முன்முனையிலிருந்து வலஞ்சுழியாக 0 முதல் 360 வரை போகும். ஏஓபி அப்படிப் போகாது. இடப்புறம், வலப்புறம் என்று பிரித்து, பக்கத்துக்கு 0 முதல் 180 வரைதான். ‘இடப்புறம் 50’ என்று ஏஓபியில் சொல்வதை அங்கே 310 என்பார்கள். இலக்குக் கோணம் என்ற பெயரை அதற்கே விட்டுவைப்பது நல்லது.

இரண்டாவது இடைஞ்சல்தான் பெரியது. ‘இலக்குக் கோணம்’ என்று கேட்டவுடன் மனத்தில் என்ன தோன்றும்? இலக்கு எனக்கு எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதுதான். அது ‘பேரிங்’. நம் படகின் முன்முனையிலிருந்து அளப்பது. ஏஓபியை அளக்கவேண்டிய இடம் எதிரியின் மேல்தளம். அங்கே நின்று அந்தக் கப்பலின் முன்முனையை நோக்கினால், நாம் எத்தனை பாகை தள்ளி, எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதே ஏஓபி.

ஒரு நிலையை வரைந்து பாருங்கள். நம் படகு வடக்கு நோக்கி நிற்கிறது. ஒரு சரக்குக் கப்பல் வலது முன்புறத்தில், 40 பாகையில் தெரிகிறது. அது நேர் மேற்காக, 270இல் போகிறது. அங்கிருந்து நம்மைப் பார்த்தால் நாம் 220இல் இருப்போம். 270க்கும் 220க்கும் வித்தியாசம் 50, நாம் இருப்பது அதன் இடது பக்கம். ஆகவே ஏஓபி இடப்புறம் 50. பேரிங்கோ 40. புதிதாக வருகிறவர் இந்த 40ஐ ஏஓபி டயலில் திருப்பி வைத்துவிட்டு, டார்ப்பிடோ ஏன் தப்பிப் போகிறது என்று தவிப்பார். இன்னும் விபரீதம் என்னவென்றால், இதே கப்பல் 45 பாகைக்கு வரும்போது இரண்டு அளவும் 45தான். அந்தக் கணத்தில் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்று என்றே பதிந்துபோகும். அதன் பாதைக்கு நாம் செங்குத்தாக நிற்கும்வரை இரண்டையும் கூட்டினால் 90 வரும், அவ்வளவுதான். நேர்முன்னே வந்து பேரிங் 0 ஆகும்போது ஏஓபி 90. எதிரியின் பாதைக்குச் செங்குத்தாக நின்று சுடும் ஃபாஸ்ட் 90 முறை முழுக்க இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

இதனால்தான் ‘யாருடைய முன்முனை’ என்பதைச் சொல்லிலேயே உணர்த்தவேண்டும் என்கிறேன். படகின் முன்பகுதிக்குக் கடலோர மக்களிடம் ‘அணியம்’ என்ற சொல் இருக்கிறது. அகராதியிலும் இருக்கிறது, வாயிலும் புழங்குகிறது. ஆகவே அணியக் கோணம். பேரிங்குக்கு ‘நோக்குக் கோணம்’ என்று வைத்துக்கொண்டால், நோக்குவது நாம், அணியம் அவர்களுடையது என்று இரண்டும் தாமாகவே பிரிந்துவிடும்.

> முகப்புக் கோணம் என்றால் எல்லோருக்கும் புரியுமே? அணியம் என்றால் ‘தயார்நிலை’ என்றுதான் நான் படித்திருக்கிறேன்.

தயார்நிலை என்ற பொருளும் உண்டு, உண்மைதான். ஆனால் பின்னால் ‘கோணம்’ வந்துவிட்ட பிறகு அந்தப் பொருளில் யாரும் படிக்கமாட்டார்கள். முகப்பில்தான் சிக்கல் அதிகம். இதே விளையாட்டின் தமிழாக்கத்தில் தொடக்கத் திரையை முகப்பு என்கிறோம், எல்லா மென்பொருளிலும் அது அங்கே உட்கார்ந்துவிட்டது. தவிர, கட்டடத்துக்கும் பத்திரிகைக்கும் முகப்பு உண்டு, கடல் வாடை அதில் இல்லை. ‘பௌ’ என்பதை அம்பு எய்யும் வில் என்று எடுத்துக்கொண்டு எந்திர மொழிபெயர்ப்பு தரும் ‘வில் கோணம்’ பற்றிப் பேசவே வேண்டாம்.

பக்கத்தைச் சொல்ல இடம், வலம் போதும். ‘இடம் 50’, ‘வலம் 70’. ஒன்றை மட்டும் விளக்கத்தில் சேர்க்கவேண்டும்: இந்த இடமும் வலமும் எதிரிக் கப்பலுடையவை. பெரிஸ்கோப்பில் அதன் அணியம் நம் இடது கைப்பக்கம் நோக்கியிருந்தால் நமக்குத் தெரிவது அதன் இடப்புறம், வலது கைப்பக்கம் என்றால் வலப்புறம். ஜெர்மன் படகின் டயலில் இடத்துக்குச் சிவப்பு, வலத்துக்குப் பச்சை. கப்பல்களின் பக்கவிளக்கு நிறமும் அதுவே. ஆகவே நிறத்தைச் சொன்னாலும் குழப்பம் வராது.

சொற்பட்டியலில் ஒரு வரி விளக்கத்தோடு நின்றுவிடாமல், இந்தக் கோணத்தை எப்படிக் காண்பது என்பதையும் சேர்க்கச் சொல்வேன். கப்பலின் முழு நீளத்தில் எவ்வளவு தெரிகிறது என்பதே அளவுகோல். பாதி நீளம் தெரிந்தால் 30 பாகை. 60 பாகையிலேயே ஏறத்தாழ 87 சதவீதம் தெரிந்துவிடுகிறது. அதனால் 60க்கும் 90க்கும் இடையில் கண் ஏமாறும். நல்லவேளையாக, அந்த இடத்தில் பிழை அவ்வளவாகச் சுடாது. 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் போகும் 130 மீட்டர் கப்பல், 1000 மீட்டர் தூரம், 30 நாட் டார்ப்பிடோ என்று வையுங்கள். உண்மையான அணியக் கோணம் 90ஆக இருக்க, 75 என்று ஏற்றினால் டார்ப்பிடோ நடுப்பகுதியிலிருந்து 12 மீட்டர்போல விலகும், அவ்வளவுதான். அதே கப்பலின் வேகத்தை 12 நாட் என்று ஏற்றிப் பாருங்கள். விலகல் 70 மீட்டரைத் தாண்டும், டார்ப்பிடோ அணியத்துக்கு முன்னால் கடந்து போய்விடும். வேகத்துக்காக இன்னும் ஒரு நிமிடம் காத்திருப்பது எப்போதும் தகும். 3 நிமிடம் 15 நொடியில் கப்பல் எத்தனை நூறு மீட்டர் நகர்கிறதோ, அத்தனை நாட் அதன் வேகம். வரைபடத்தில் இரண்டு புள்ளி வைத்து அளந்தால் போதும்.

அந்த 12 மீட்டரும் 70 மீட்டரும் எங்கிருந்து வந்தன? கப்பல் இப்போது இருக்கும் இடத்தை விட்டு, அது வந்து சேரப்போகும் இடத்தை நோக்கி எவ்வளவு திருப்பிச் சுடுகிறோமோ அந்தக் கோணத்திலிருந்துதான். ‘லீட் ஆங்கிள்’. இதற்கு ‘முந்துகோணம்’ என்று எழுதுகிறேன். ஜெர்மன் படகிலிருந்த கருவியின் பெயரான ஃபோர்ஹால்ட்ரெஷ்னரும் இதையே கணிக்கும் கருவி என்றுதான் பொருள்படும். ஆக, அது ‘முந்துகோணக் கணிப்பி’. அமெரிக்க நீர்மூழ்கிகளில் இருந்த டிடிசி (டார்ப்பிடோ டேட்டா கம்ப்யூட்டர்) இதற்கும் மேலே போய், ஏற்றிய விவரங்களை வைத்து இலக்கின் இடத்தை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கும். அதற்கு வேறு சொல் தேவை, அது தனி இழைக்கு உரியது.

குழாயிலிருந்து நேரே வெளியேறும் டார்ப்பிடோ பிறகு எவ்வளவு திரும்புகிறது என்ற ‘கைரோ ஆங்கிள்’ இருக்கிறதே, அதைத் ‘திருப்புக் கோணம்’ என்றால் போதும். அது 0க்கு அருகில் இருந்தால் தூரக்கணக்கில் வரும் பிழை முடிவைக் கெடுக்காது என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம். தூரம் அளக்கும் ஸ்டேடிமீட்டரின் பெயரை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். இரண்டாகத் தெரியும் பிம்பத்தில் ஒன்றை நகர்த்தி, அதன் கொடிமர உச்சியை மற்றதன் நீர்க்கோட்டில் உட்காரவைத்தால் தூரம் வரும். செயலை இப்படி விளக்கிவிட்டால், கருவியின் பெயரைப் பிடித்து இழுக்கத் தேவையில்லை.

‘ஸ்ப்ரெட் ஆங்கிள்’ மட்டும் இன்னும் தீரவில்லை. பட்டியலில் ‘விரிகோணம்’ என்று இருக்கிறது. கணக்குப் பாடத்தில் 90 பாகைக்கு மேற்பட்டதைத்தான் விரிகோணம் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். இங்கே நாம் பேசுவது இரண்டு டார்ப்பிடோக்களுக்கு நடுவே உள்ள ஒன்றிரண்டு பாகை. ‘பரவல் கோணம்’ என்று மாற்றலாமா? மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். இல்லையென்றால் அணியக் கோணம், நோக்குக் கோணம், முந்துகோணம், திருப்புக் கோணம் ஆகியவற்றோடு இதையும் சேர்த்துக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்